நூற்றிருபது சங்குகள்

சங்கில் காது வைத்ததும் அவளுக்குத் தெரிந்துவிட்டது. இது கடல் இல்லை.

அம்மாவின் மூச்சு.

பழைய உப்புக் கிடங்கு அது. கூரையில் நான்கு ஓடுகளைக் கழற்றியிருந்தார்கள். அந்த வழியாக விழுந்த வெயிலில் நூற்றிருபது சங்குகள் தொங்கின. ஒவ்வொன்றின் வயிற்றுக்குள்ளும் சுண்டுவிரல் அளவில் ஒரு ஸ்பீக்கர். கண்காட்சி பார்க்க வந்தவர்கள் காது வைத்ததும் கண்ணை மூடிக்கொண்டார்கள். கண்ணைத் திறந்துகொண்டு ரசித்தால் யாரும் நம்பமாட்டார்கள் என்று பயம்போல.

"ப்பா, என்னா கடலு!" என்றார் ஒரு பெரியவர்.

சங்கும் வெளிச்சமும் அவள் கணவன் நன்மாறனின் வேலை. சத்தம் அவளுடையது. ஒன்பது வருடமாக அப்படித்தான்.

இந்த முறை அவள் சொதப்பிவிட்டாள். தனுஷ்கோடியில் மூன்று நாள் முழங்கால் தண்ணீரில் நின்று பதிவு செய்தவள், மைக்குக்குக் காற்றைத் தடுக்கும் உறையை மாட்ட மறந்திருந்தாள். கிடைத்தது வெறும் காற்றின் இரைச்சல்.

"விடு, நான் பாத்துக்கறேன்" என்றிருந்தான் நன்மாறன்.

பார்த்துக்கொண்ட லட்சணம் இதுதான்.

ஆஸ்பத்திரியில், அம்மாவின் கடைசி வாரத்தில், தலைமாட்டில் ரெக்கார்டரை வைத்துப் பதிந்த மூச்சு. எதற்கென்று அவளுக்கே தெரியாது. தொழில் புத்தி. அவள் மருந்து வாங்கக் கீழே போயிருந்த நேரத்தில் அம்மா கண்விழித்து இரண்டு முறை கூப்பிட்டிருக்கிறாள்.

"பாப்பா... பாப்பா..."

அறையில் யாருமில்லை. அதன்பிறகு அம்மா பேசவேயில்லை.

காரியமெல்லாம் முடிந்த பிறகுதான் அதைக் கேட்டாள். ஒரே ஒரு முறை. தன் கையால் அழிக்க மனம் வரவில்லை. அழித்துவிடச் சொல்லி நன்மாறனிடம் கொடுத்தாள்.

அழித்துவிட்டேன் என்றான். அவனைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

இரண்டு வருடமாக அந்தக் குரலுக்கு ஏங்கினாள். அழிக்கச் சொன்ன தன் வாயைத் தானே எத்தனை முறை திட்டியிருப்பாள். அவனிடம் மட்டும் சொன்னதில்லை. சொன்னால் பாவம், அவன் மனம் கஷ்டப்படும்.

அவன் அழிக்கவேயில்லை. ஆனாலும் அவள் காதை எடுக்கவில்லை. இன்னும் கொஞ்சம் பொறுத்தால் அம்மா கூப்பிடும் இடம் வந்துவிடும்.

வரவில்லை.

மூச்சு சுற்றிச் சுற்றித் தொடங்கிய இடத்துக்கே வந்தது.

நன்மாறன் கூட்டத்துக்கு நடுவிலிருந்து அவளைப் பார்த்துவிட்டான். முகம் வெளுத்துப்போய் அருகில் வந்தான்.

"அம்மா கூப்புடற எடம் எங்க?"

அவன் குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"அது கடல் மாதிரி இல்ல. அத மட்டும் அழிச்சிட்டேன்."

பின்னால் காத்திருந்த பெண் அவள் தோளைத் தொட்டாள்.

"கேட்டாச்சாக்கா?"

"இல்லம்மா" என்று சொல்லிவிட்டு, அவள் மறுபடியும் காதை வைத்தாள்.