கேட்டிலிருந்து கடைசி அறை வரை

"துணியில கை வெச்சீங்கன்னா எல்லாம் போச்சு சார்" என்றது பக்கத்தில் ஒரு பெண் குரல். கண்ணை இறுக்கிக் கட்டியிருந்த கறுப்புத் துணியிலிருந்து இன்ஜினியர் கையை எடுத்துக்கொண்டார்.

யாரும் அவரைக் கடத்தவில்லை. மனநலச் சிகிச்சைக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் என்று அவரே இரண்டு வருடம் மாரடித்துக் கட்டிய வளாகம்தான் அது. கண்ணைக் கட்டிவிட்டது அங்கே தலைமை டாக்டராக வரப்போகிற அம்மா.

கட்டடத்தைக் கட்டியவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டிலிருந்து கடைசி அறை வரை நடக்க வேண்டும், கூடவே ஒருவர் வருவார், அவர் சரியென்றால் அடுத்த வாரமே திறப்பு, இல்லையென்றால் ஆறு மாதம் இடித்துத் திருத்துங்கள் என்று சொல்லிவிட்டார் அந்த அம்மா. கூட வருபவரைத் துணி கட்டிய பிறகுதான் அழைத்தார். முகத்தைப் பார்த்துக் குழையக் கூடாதாம்.

மனசு சரியில்லாமல் நாலு வருடமாக வாசலைத் தாண்டாத இன்ஜினியரின் அக்கா, "நீ கட்டினதுன்னா ஒரு தடவை வந்து பார்க்கறேன்டா" என்று போன வாரம்தான் சொல்லியிருந்தாள். ஆறு மாதத்துக்கு அந்த மனசு தாங்குமா?

வரைபடம்தான் மனப்பாடமாயிற்றே என்று காலடியை எண்ணிக்கொண்டு கம்பீரமாக நடந்தார். பதினெட்டு எட்டு வைத்து, பிறகு இடது பக்கம். பதினாறாவது எட்டில் ஓரத்துத் தூண் மூக்கில் இடித்தது.

"தூண் நல்லா கெட்டியாத்தான் இருக்கு" என்றார் கூட வந்தவர். "எண்ணாதீங்க சார், பாதையை விட்டு விலகிடறீங்க. என்னை மாதிரி செருப்பைக் கழட்டிடுங்க. சொரசொரன்னு இருந்தா பாதை, வழவழன்னு ஆனா கதவு. யாரோ நல்லா யோசிச்சுப் போட்டிருக்காங்க."

அந்த யாரோ தான்தான் என்று சொல்ல இன்ஜினியருக்கு வாய் வரவில்லை. மூக்கு வீங்கியிருந்தது.

சொன்ன பேச்சைக் கேட்கிற ரகமா அவர்? மறுபடி எண்ணினார், கைப்பிடிச் சுவரில் முழங்காலை இடித்துக்கொண்டார். சரிவுப் பாதையில் ஏறி, செடித்தொட்டி ஒன்றையும் கட்டிப்பிடித்தார். கூட வந்தவர் மட்டும் கல்யாண வீட்டுக்குப் போகிறவர் போல நிதானமாக நடந்தார். காற்று ஜில்லென்று வருகிறது, முற்றம் வந்தாயிற்று என்றார். வலது பக்கம் மழைநீர் ஓடுகிற சத்தம், அதை ஒட்டியே போகலாம் என்றார்.

கடைசி அறையில் கூட வந்தவர் நின்றார். மனசு சரியில்லாதவர்கள் தொந்தரவில்லாமல் உட்கார்ந்திருக்க நல்ல அமைதியான அறை என்றார். பிறகு, "கட்டை அவிழ்க்கலாம் சார். பாஸ்."

இன்ஜினியர் துணியை உருவினார். வெளிச்சத்தில் கண் கூசியது. சந்தோஷப்படுவதற்குப் பதிலாக அவருக்கு ரோஷம் வந்தது.

"பாவம் பார்த்துப் போடாதீங்க. மூணு இடத்துல முட்டினேன். எங்க அக்கா மாதிரி ஆளுங்க வரப்போற இடம் இது."

"நீங்க முட்டினீங்க. நான் எங்கயும் முட்டலையே. இத்தனைக்கும் இன்னிக்குத்தான் முதல் தடவையா இங்க வரேன்."

"நீங்க பார்த்து நடந்தீங்க, முட்டல. அதை வெச்சு எப்படிப் பாஸ் போடறது?"

கூட வந்தவர் சிரித்தார். குரல் வந்த பக்கமாக மெல்லத் திரும்பினார்.

"நான் பிறந்ததுலேர்ந்து எதையும் பார்த்து நடந்ததில்ல சார்."