குறை சொல்ல வந்தவர்

யாரும் நிற்கவில்லை.

மண்டபத்துக்குள் நுழைந்த கூட்டம் வாசலோரத்துப் பிள்ளையார் படத்தைப் பார்த்தது. மயிலைப் பார்த்தது. தாமரைக் குளத்துக்கு முன்னால் செல்பி எடுத்தது. கடைசியில் கை கழுவ வந்தது.

கை கழுவும் இடத்தை ஒட்டித்தான் சிவரஞ்சனியின் மேசை. ஈரக் கையை உதறியபடி எல்லோரும் அவளைத் தாண்டிப் போனார்கள்.

படத்தின் மேல் தெறித்த துளியை அவள் முந்தானையால் ஒற்றி எடுத்தாள்.

ஒரே ஒரு படம்தான் கொண்டுவந்திருந்தாள். இடுப்பு உயரப் பலகை. அதில் சல்லிச் சட்டியைத் தலைக்குத் தூக்கும் ஒரு பெண். பெயிண்டோடு கல்பொடியைக் குழைத்துப் பூசியிருந்தாள். கல்பொடிக்குப் பஞ்சமில்லை. அன்னவாசல் பக்கத்தில் கல் உடைக்கும் கிரஷரில் வாரம் முழுக்க அதைத்தான் தின்கிறாள்.

புதுக்கோட்டை ஓவியர்கள் சேர்ந்து வருடம் ஒருமுறை நடத்தும் கண்காட்சி இது. ஆட்கள் நின்று பார்க்கும் படங்களில் ஒன்றைத் திருச்சியில் நடக்கும் பெரிய கண்காட்சிக்கு எடுத்துக்கொள்வார்கள். போன வருடம் அவள் படத்தை என்னவென்றுகூட ஒருவரும் கேட்கவில்லை. போர்வையில் சுற்றித் திருப்பிக் கொண்டுபோனபோது கண்டக்டர் மட்டும்தான் கேட்டார், லக்கேஜ் போடுவதற்காக.

இந்த வருடமும் அப்படியென்றால் பிரஷ்ஷைத் தூக்கி அடுப்பில் போடுவேன் என்று வீட்டில் சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். சொன்னால் செய்கிறவள்.

மயிலை வரைந்த சரவணக்குமார் பக்கத்து மேசையிலிருந்து அனுதாபப்பட்டான். "சிரிச்ச மூஞ்சியா ஒண்ணு போட்டிருக்கலாம்லக்கா. இதப் பாத்தா சனம் மெரளுது."

அவள் படத்தை வெளிச்சத்துப் பக்கம் இன்னும் கொஞ்சம் திருப்பி வைத்தாள்.

வெயில் ஏறிய நேரத்தில், தோளில் துண்டு போட்ட ஒருவர் வந்து மேசை முன்னால் நின்றார்.

"யாரு வரஞ்சது இது?"

மண்டபமே திரும்புகிற குரல்.

"நாந்தாங்க."

"கை தப்பா இருக்கே. மூஞ்சியவிடக் கை பெருசா இருக்கு. இப்படி ஒரு பொம்பளைய எங்கம்மா பாத்த?"

அந்தக் கையைத்தான் அவள் பயந்து பயந்து வரைந்திருந்தாள். முதலில் சின்னதாகத்தான் போட்டாள். பொய்யாக இருந்தது. சுரண்டி எடுத்துவிட்டுத் தன் கையையே பலகையில் வைத்துக் கோடு இழுத்தாள்.

"கல்லு சுமக்குற கை இம்புட்டு இருக்கும்ங்க. கிட்ட வந்து பாருங்க."

"கையா அது? சோத்துப்பானை மூடியாட்டம்ல இருக்கு."

யாரோ சிரித்தார்கள். சிரித்தவர்கள் நெருங்கி வந்தார்கள். சண்டை என்று நினைத்து இன்னும் சிலர் வந்தார்கள். வந்தவர்கள் வேறு வழியில்லாமல் படத்தைப் பார்த்தார்கள்.

பார்த்தவர்கள் சிரிப்பை நிறுத்தினார்கள்.

விரல் முட்டி புடைத்து, பாதி நகம் போய், சட்டியின் விளிம்பை விடாத கை. அதைப் பார்த்து முடித்த பிறகுதான் முகத்துக்கே போக முடியும்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஒரு அம்மா முன்னால் வந்தார். கட்டட வேலைக்குப் போகிறவர் என்று காலில் இருந்த சிமெண்ட் வெடிப்பே சொன்னது. வலது கையை விரித்துப் படத்துக் கைக்குப் பக்கத்தில் நீட்டினார்.

"இந்தா, அளந்து பாருய்யா. நீ சட்டி தூக்கிருக்கியா? வந்துட்டாரு, பொம்பளை கைக்கு அளவு சொல்ல!"

கூட்டம் கைதட்டியது. அந்த ஆள் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நழுவினார்.

அதன் பிறகு மேசை முன்னால் இடமில்லை. தொட்டுப் பார்க்கலாமா என்று ஒரு பெண் கேட்டாள். தொடுங்க என்றாள் சிவரஞ்சனி. சொரசொரவென்று இருக்கிறதே என்று இன்னொருத்தி விரலைப் பார்த்துக்கொண்டாள். எந்த ஊர், எந்தக் கிரஷர், எப்போது வரைகிறாய் என்று கேள்விகள். அவள் எழுந்து நின்று பதில் சொன்னாள். முதுகு தானாக நிமிர்ந்திருந்தது.

கண்காட்சியை நடத்தும் பிளெஸ்ஸி, கை கழுவும் பக்கம் ஏன் இத்தனை கூட்டம் என்று பார்க்க வந்தார். படத்தைப் பார்த்தார். திரும்பிப் போகவில்லை.

"திருச்சிக்குப் படத்தை மட்டும் குடுத்து விடுறீங்களா, நீங்களும் வர்றீங்களா?"

"நானும் வாரேன். கிரஷர்ல லீவு குடுக்காட்டியும் வாரேன்."

அந்த நேரம் பார்த்து, குறை சொன்ன ஆள் மறுபடி வந்தார்.

அவர் பெயர் திருப்பதி. சந்தைப்பேட்டையில் வெள்ளிக்கிழமைதோறும் ஆட்டுத் தரகு. யாரும் சீந்தாத ஆட்டை விற்க அங்கே தரகர்கள் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். அவர்கள் ஆளே ஒருவர் வாங்க வந்தவர் மாதிரி நின்று, பல் சரியில்லை, கால் வளைவு என்று உரக்கக் குறை சொல்ல வேண்டும். அப்போதுதான் கூட்டம் திரும்பும். முதல் சுற்றில் கையைச் சொல்வது, இரண்டாவது சுற்றில் மூஞ்சியைச் சொல்வது என்று காலையில் டீ குடிக்கும்போதே சிவரஞ்சனியிடம் பேசி வைத்திருந்தார்.

ஆனால் இப்போது முன்னால் போகவே வழியில்லை. இடதுபக்கம் நுழைந்து பார்த்தார். வலதுபக்கம் பார்த்தார். கடைசியில் பின்வரிசையில் நுனிக்காலில் நின்றார்.

"மறைக்காதீங்கண்ணே. கை தப்புன்னு சொன்ன ஆள்தானே நீங்க? அங்கிட்டுப் போங்க. அவங்க பேசுறதக் கேக்கணும்" என்றான் ஒரு கல்லூரிப் பையன்.

குறை சொல்லப் போன ஆள், ஆடு யாருடையது என்று எந்த நிலையிலும் வாயைத் திறக்கக் கூடாது. திருப்பதி சந்தையில் ஒருநாளும் திறந்ததில்லை.

"தம்பி, அந்தா பேசுதுல்ல" என்றார், பின்வரிசை மொத்தமும் திரும்பும் குரலில். "அது எம் பொண்டாட்டி."