மணிக்கட்டில் ஒரு சொட்டு

பன்னிரண்டு வருஷம் ஒரே பாயில் படுத்தவர்களுக்கும் புதிதாக ஒரு விளையாட்டு வேண்டியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கதவைத் தாழிட்டுவிட்டு, செல்வராணியும் ஞானதுரையும் ஒருவரையொருவர் பார்த்துக் கூச்சத்தோடு சிரித்துக்கொண்டார்கள். வாசனையில்லாத வெள்ளை மெழுகுவர்த்தி ஒன்று, கிண்ணத்தில் தண்ணீர், பக்கத்தில் ஈரத்துண்டு. அவள் முதுகில் தேங்காய் எண்ணெய் தடவியவன், "போதும்னா போதும்னு சொல்லிரணும், கேட்டியா" என்றான். முதலில் தன் மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தான். "சூடே இல்லட்டி. இதுக்கா மூணு நாளா பயந்த?" பிறகு மெழுகுவர்த்தியை நன்றாகத் தாழ்த்திப் பிடித்து அவள் முதுகில் விட்டான்.

"போதும்" என்றாள் அவள். "சுடுதுங்க."

பதறிப்போய் ஈரத்துண்டை வைத்து ஒற்றினான். "என் கையில சுடலியே ராணி. சத்தியமா."

பொய் சொல்லத் தெரியாத மனிதன். அவள் எழுந்து அவன் கையைத் திருப்பிப் பார்த்தாள். மெழுகு ஒட்டியிருந்த இடத்தைச் சுற்றிக் கட்டைவிரல் அகலத்துக்கு வெளிறிய தேமல். உணர்ச்சியற்ற தேமல் தொழுநோயின் அறிகுறி என்று ஆஸ்பத்திரிச் சுவரில் எழுதியிருப்பதை எத்தனையோ முறை படித்துக்கொண்டே கடந்திருக்கிறாள்.

"இப்ப என் முறை. கண்ண மூடுங்க. விழுந்ததும் சொல்லணும்."

அவன் சமர்த்தாகக் கண்ணை மூடிக் கையை நீட்டினான். ஒரு முழம் உயரத்திலிருந்து அவள் தேமலின் ஓரத்தில் ஒரு சொட்டு விட்டாள். பிறகு இன்னொன்று. மூன்றாவது சொட்டு தேமலின் நட்டநடுவில் விழுந்து, மெல்ல வெளுத்து உறைந்தது.

"எவ்வளவு நேரம்ட்டி" என்று அவன் சிரித்தான். "பயப்படாம விடு."

"இந்தா விடுறேன், இருங்க" என்றாள், மெழுகுவர்த்தியை ஊதி அணைத்துவிட்டு.