ஜெயலட்சுமி பேரில் ஒரு வீடு

“பத்திரத்துல இவரு பேரு வரவே கூடாது சார். என் பேரு மட்டும் எழுதுங்க” என்றாள் ஜெயலட்சுமி.

பத்திரம் எழுதும் கிருஷ்ணமூர்த்தி பேனாவைக் கீழே வைத்துவிட்டு அவள் கணவன் ராசாங்கத்தைப் பார்த்தார். பெரம்பலூர் பத்திர ஆபீஸுக்கு எதிரே இருந்த அந்தச் சின்னக் கடையில், ஃபேன் சுற்றியும் எல்லோருக்கும் வியர்த்தது. வீட்டை விற்கிறவர் நல்ல நேரம் போகிறதே என்று வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்துகொண்டிருந்தார்.

“ரெண்டு பேரு பேர்லயும் இருக்கட்டுமே ஜெயா. பாதிப் பாதி” என்றான் ராசாங்கம்.

“இத வூட்லயே பேசி முடிச்சாச்சு. இங்க வந்து மறுபடியும் ஆரம்பிக்காதீங்க.”

அவளுக்கு அலுத்துப் போயிருந்தது. பெரம்பலூரை ஒட்டிய துறைமங்கலத்தில் இந்த வீட்டைத் தேடிக் கண்டுபிடித்தவள் அவள். பெரம்பலூர் பள்ளிக்கூடத்துக்கு அரியலூரிலிருந்து தினமும் பஸ்ஸில் நின்றுகொண்டே வருகிறவளும் அவள்தான். லோனும் அவள் சம்பளத்தில்தான் பிடிக்கப் போகிறார்கள்.

ஆனால் பேச்சை எடுக்கும்போதெல்லாம் ராசாங்கம் ஏதாவது சாக்குச் சொன்னான். சிமெண்டு ஆலையில் ஷிப்ட் மாற்றிப் போட்டுவிட்டார்கள் என்றான். ஆடி கழியட்டும் என்றான். “மொதல்ல என் பேர்ல வாங்குவோம், அப்புறமா உனக்கு மாத்தி எழுதித் தரேன்” என்றுகூடச் சொல்லிப் பார்த்தான்.

அரியலூரில் வீடு கட்டியபோது அவளுடைய நகையெல்லாம் செங்கல்லாகவும் கம்பியாகவும் மாறியது. பத்திரம் மட்டும் அவன் பேரில் இருந்தது. “அடுத்த வூடு உன் பேர்லதான்” என்று அன்றைக்கு அவனேதான் சொன்னான்.

அவளும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒருநாள் சண்டையில், “என் வூட்ல இருந்துக்கிட்டு என்னையே எதுத்துப் பேசுறியா?” என்று அவன் கேட்டுவிட்டான். கேட்டவன் அடுத்த வேளைச் சாப்பாட்டுக்குள் மறந்துபோனான். அவள் மறக்கவில்லை.

கிருஷ்ணமூர்த்தி தொண்டையைச் செருமினார். “இப்பல்லாம் நெறையப் பேரு சேத்துதாம்மா எழுதுறாங்க. தனித்தனியா இருந்தா, ஒருத்தரு சொத்துல இன்னொருத்தரு வாயத் தொறக்க முடியாது. நாளைக்கு அவரு எத வித்தாலும் உங்க கையெழுத்தே தேவையில்ல, பாத்துக்குங்க.”

“அவரு எதுக்கு சார் விக்கப் போறாரு? அந்த வூட்டுக்கு என்ன கொறச்சல்? தனக்குக் கல்யாணம் முடிவானதுலேர்ந்து இவரு தம்பி செல்லதுரையே கைக்காசப் போட்டு வாசலுக்கு இரும்பு கேட் மாட்டி வெச்சிருக்காரு. ஒரு பல்பு போனாக்கூட அண்ணன்தான் வாங்கணும்னு உக்காந்திருந்த ஆளு!” ஜெயலட்சுமி கணவன் பக்கம் திரும்பினாள். “அது உங்களுக்கு இருக்குல்ல? இது எனக்கு இருக்கட்டும். இதுல என்னங்க தப்பு?”

ராசாங்கம் என்னவோ சொல்ல வாயெடுத்தான். பிறகு துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டான்.

“அவ பேர்லயே எழுதுங்க சார்.”

இன்னும் ஒரு மணி நேரமாவது மல்லுக்கட்ட வேண்டியிருக்கும் என்று நினைத்து வந்தவளுக்கு, அவன் பொசுக்கென்று இறங்கிப் போனதும் சந்தோஷத்தைவிட எரிச்சல்தான் அதிகமாக வந்தது. இதை முதல் நாளே சொல்லித் தொலைத்திருந்தால் இத்தனை சண்டை எதற்கு? இத்தனை நாள் பேசாமல் படுத்த ராத்திரிகள் எதற்கு?

மத்தியானத்துக்குள் பதிவு முடிந்தது. விற்றவர் சாவியை அவள் கையில் கொடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார்.

பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் நின்றபோது அவள் மனது இளகியிருந்தது. ராசாங்கம் டீயைக் குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தான். பாவமாக இருந்தது.

“மூஞ்சிய ஏன் இப்படித் தூக்கி வெச்சிருக்கீங்க? நாம சேந்துதானே இருக்கப் போறோம்? அடுத்த மாசம் இங்க குடி வந்துட்டு, அரியலூர் வூட்ட வாடகைக்கு விட்டுருவோம். லோனுக்குப் பாதி அதுவே கட்டிரும். பின்னாடி புள்ளைங்களுக்கு ஆளுக்கு ஒண்ணு.”

அரியலூர் பஸ் வந்து நின்று, ஆட்களை ஏற்றிக்கொண்டு கிளம்பியும் போனது. அவன் அசையவில்லை.

“என்னங்க, ஒடம்புக்கு ஏதும் முடியலையா?”

“செல்லதுரைக்குப் பொண்ணு குடுக்குறவங்க, போன மாசம் வந்து ஒரு பேச்சு பேசினாங்க” என்றான், அவள் முகத்தைப் பார்க்காமல். “மாப்பிள்ளைக்குன்னு சொந்தமா எதுவும் இல்லையேன்னு இழுத்தாங்க. அம்மா அழுதுச்சு.”

“அதுக்கு?”

டீ கிளாஸைப் பலகையில் வைத்தான் ராசாங்கம்.

“அரியலூர் வூடு இப்ப அவன் பேர்ல இருக்கு ஜெயா.”