ஒரு முழம் நூல்

எனக்குப் புதிதாகப் பதித்த செயற்கைப் பல்லைச் சுற்றித் தினமும் நூல் விட்டு அழுக்கெடுக்கச் சொல்லியிருந்தார் பல் டாக்டர். விட்டுவிட்டால் ஈறு வீங்கிப் பல் ஆட ஆரம்பித்துவிடுமாம். நான் தையல்காரி. ஒரு முழம் வெட்டினால் அது ஒரு முழம்தான். ஆனால் பல்லைச் சுற்றி வெளியே எடுத்த நூல் நான்கு விரல் குறைந்திருந்தது. மறுநாளும் அதே நான்கு விரல்.

டாக்டர் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார். "உள்ள எதுவும் மாட்டலம்மா. நல்லா சுத்தமா வச்சிருக்கீங்க."

"உன் வாய்க்கு நூல்கூட மிச்சமில்ல," என்று வீட்டுக்காரர் சிரித்தார்.

இன்று காலை நூலை வெட்டாமல், ஒரு முனையை மட்டும் பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே விட்டேன். நூல் தானாக உள்ளே போனது. சுருள் கையில் சுழன்றுகொண்டே இருந்தது. ஐம்பது மீட்டரும் தீரப்போகையில், கடைசி முனையை விரலில் சுற்றிப் பிடித்துக்கொண்டேன். நூல் விறைத்து நின்றது.

"இன்னும் முடியலையா?" என்று குளியலறைக்கு வெளியிலிருந்து வீட்டுக்காரர் கேட்டார். பதில் சொல்ல நாக்கை அசைக்கவே பயமாக இருந்தது.

அப்போது உள்ளேயிருந்து யாரோ மூன்று முறை நூலைச் சுண்டினார்கள், கிணற்றுக்குள் இறங்கியவர் தன்னை மேலே தூக்கச் சொல்லிக் கயிற்றைச் சுண்டுவதுபோல.