ஆறாவது டேக்

“ரெண்டே வரி சாக்ஸபோன்! அதுக்கு அஞ்சு டேக்கா?”

இசையமைப்பாளர் ஹெட்போனைக் கழற்றி மேசையில் எறிந்தார்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சாக்ஸபோன்காரர் அசடு வழிந்தார். ரெக்கார்டிங் வட்டாரத்தில் அவருக்கு ‘ஒரே டேக்’ என்றே பட்டப்பெயர். துள்ளல் பாட்டுகளில் பாதி அவர் ஊதியவை. பெயர் எங்கேயும் வராது. ஆனால் அவர் ஊதின இடம் வந்தால் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போகிறவன்கூடத் தோளை ஆட்டுவான்.

அப்பேர்ப்பட்ட மனுஷனுக்கு இன்று என்ன வந்தது?

பாட்டோ ஃபங்க் என்ற துள்ளல் ரகம். டிரம்ஸ், கிட்டார், குரல், சாக்ஸபோன் எல்லாம் சேர்ந்து ஒரே மூச்சில் பதிவானால்தான் சூடு இருக்கும் என்பது இசையமைப்பாளர் கட்சி. ஒருவர் சொதப்பினால் எல்லோரும் முதலிலிருந்து.

பாடும் பெண்ணுக்கு இதுதான் முதல் பாட்டு. “அந்த உச்சி வரியில குரல் உடைஞ்சா, வேற ஆளைக் கூப்பிட்டுடுவேன்” என்று காலையிலேயே சொல்லியாகிவிட்டது. ஆனால் அவள் அந்த வரியில் ஏறப்போகும்போதெல்லாம் சாக்ஸபோன் ‘கீச்’ என்று கத்தி டேக்கைக் கெடுத்தது. ஐந்து தடவையும்!

“வயசாயிடுச்சுய்யா உமக்கு!”

அவளுக்கே பாவமாகிவிட்டது. தண்ணீர் பாட்டிலை நீட்டினாள்.

“பதறாதீங்கண்ணா. நல்லா மூச்சை இழுங்க... இதோ, இப்படி. தானா வந்துடும்.”

“சரிம்மா. நீ சொல்றபடியே ஊதறேன்.”

ஆறாவது டேக்.

டிரம்ஸ் அதிர்ந்தது. கிட்டார் குதித்தது. உச்சி வரியில் அவள் ஒரே தாவாகத் தாவினாள்! சாக்ஸபோன் அவளை விரட்டிப் பிடித்து, தூக்கிக்கொண்டு பறந்தது. இசையமைப்பாளர் நாற்காலியைத் தள்ளிவிட்டு ஆடியே விட்டார்.

“டேக் ஓகே! பொண்ணு பின்னிட்டா! உம்மைத்தான்யா இனிமே யோசிச்சுக் கூப்பிடணும்.”

அரைமணி கழித்து, வாசலில் சாக்ஸபோனைப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தவரிடம் சவுண்ட் இன்ஜினியர் மூச்சிரைக்க ஓடி வந்தான்.

“அண்ணே, அவ மைக்கை மட்டும் தனியாப் போட்டுக் கேட்டேன். அஞ்சு தடவையும் அந்த வரிக்கு முன்னாடி அவ இழுத்தது பாதி மூச்சுதான். பாடியிருந்தா குரல் உடைஞ்சிருக்கும். அது தெரிஞ்சுதானே கீச்சுனு ஊதினீங்க? இருங்க, இப்பவே போய் எல்லார்கிட்டயும் சொல்றேன்!”

சாக்ஸபோன்காரர் அவன் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

“உஷ்! நடுங்கிக்கிட்டிருந்த எனக்கு அவதான் தைரியம் குடுத்ததா நெனச்சு குஷியாப் போறாடா. கெடுத்துடாதே!”