கடைசித் தட்டுக்கு ஒரு வாசகன்

கையும் களவுமாக மாட்டிக்கொண்டான் கிதே. திருடியிருந்தால்கூடப் பரவாயில்லை. புத்தகத்தை எடுத்து, திறக்காமலேயே திரும்ப வைத்துவிட்டுப் போனான். அதுதான் குற்றம்.

கொரியாவின் தேகு நகரத்தில் இருந்த அந்தப் பல்கலைக்கழக நூலகத்தில் எல்லாப் புத்தகத்துக்குள்ளும் ரேடியோ சிப் ஒட்டியாகிவிட்டது. எது அலமாரியை விட்டு எழுந்தது, எது தூங்குகிறது என்று கம்ப்யூட்டர் சொல்லிவிடும். வருஷம் முழுக்க ஒரு கைகூடப் படாத புத்தகம் காகிதக்கூழ் ஆலைக்கு. நூலக இயக்குநர், பேராசிரியர் பியோவின் உத்தரவு. மிஷினுக்கு முகதாட்சண்யம் கிடையாது என்று கூட்டத்துக்குக் கூட்டம் பெருமையடித்துக்கொள்வார்.

அடித்தளத்தின் கடைசித் தட்டை மட்டும் தினமும் மதியச் சாப்பாட்டு நேரத்தில் யாரோ தொடுவதாக மிஷின் காட்டியது. என்ன புத்தகம் என்று பார்க்க பியோவுக்கு ஏது பொறுமை? ஆள் யார் என்று கேமராவைப் பார்த்தார். அவருடைய ஆராய்ச்சி மாணவனே!

ஊழியர்கள் அத்தனை பேரையும் நிற்கவைத்து வெளுத்து வாங்கினார்.

"என் மாணவனே என் மிஷினை ஏமாத்துறான். ஒருத்தனும் படிக்காத குப்பைக்கு எதுக்குடா உயிர் கொடுக்கிற?"

கிதே கைகளை முன்னால் கோத்துக்கொண்டு தரையைப் பார்த்தபடி நின்றான். வாயே திறக்கவில்லை. போதாதா? இந்தப் பருவம் முழுக்க நூலகப் பக்கம் தலைகாட்டக் கூடாது என்று தீர்ப்பாயிற்று. அவன் ஆய்வேட்டை முடிக்க வேண்டிய பருவம் அது. கவுண்டரில் வேலை பார்க்கும் ஹேசுனுக்குப் பொறுக்கவில்லை.

படிக்கட்டில் அவனை மடக்கினாள். "ஏம்ப்பா, காரணத்தைச் சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல? மனசு இறங்கியிருப்பாரே."

"அத்தனை பேர் முன்னாடி அதை எப்படிக்கா சொல்றது? பட்டம் ஒரு வருஷம் தள்ளிப்போனாப் போகட்டும்." குனிந்து வணங்கிவிட்டுப் போய்விட்டான்.

பியோவுக்கு இன்னும் ஆறவில்லை. அந்தக் குப்பையை வண்டியில் ஏற்றி எல்லார் முன்னாலும் கொண்டுவரச் சொன்னார். ஆலைக்கு அனுப்பும் உத்தரவில் அவரே கையெழுத்துப் போடுவாராம்.

ஹேசுன் அடித்தளத்துக்குப் போனாள். தட்டு நிறைய ஒரே புத்தகம். 'கிம்ச்சி ஊறுகாய் ஜாடிகளின் வரலாறு', நான்கு தடித் தொகுதிகள், தொகுதிக்குப் பத்துப் பிரதி. பின்னட்டையைத் திருப்பிப் பார்த்தவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

வண்டியை உருட்டிவந்து மேஜை முன்னால் நிறுத்தினாள்.

"எவன் எழுதின குப்பை அது?" என்றார் பியோ, பேனா மூடியைக் கழற்றியபடி.

ஹேசுன் மேலே இருந்த ஒன்றை எடுத்து, பின்னட்டை தெரியும்படி அவர் முன்னால் வைத்தாள்.

ஆசிரியர் படத்தில் பியோ சிரித்துக்கொண்டிருந்தார்.